உருப்படி நாற்பது

மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிக்குக்
கம்சட்காவிலிருந்து ஒருத்தன்
அடகு வைக்க வந்தான்:
கீரி மாதிரி ஏதோ, கன்னங்கரேலென்று,
கட்டுக்கு நாற்பது தோல்.
கண்ணில் சுட்டால்தான் தோல் கெடாதாம்;
விரலை நீட்டிச் சுட்டே காட்டினான்.

பேரேட்டில் என்னவென்று எழுத?
"மயிர்" என்றேன்.
பெத்தபெருமாள் செட்டியாருக்கு
வெற்றிலை புரையேறிவிட்டது.
உருப்படி நாற்பது என்று மட்டும் பதிந்தோம்.

மார்கழி மழையில் பூஞ்சை பிடித்தது.
வட்டி ஏற ஏற
ரோமம் கொட்டியது.
கெடு தாண்டியும் கப்பலைக் காணோம்.

ஏலத்துக்கு முதல்நாள் ராத்திரி,
பெட்டகத்தடியில் படுத்திருந்தவன்
புழுக்கம் பொறுக்காமல் எழுந்து
கட்டைப் பிரித்தேன்.
பனியில் ஓடிய பிராணிதானே,
கொஞ்சமாவது மிச்சமிருக்காதா?
ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன்.
கண்ணிருந்த ஓட்டையில்
தெருவிளக்கு தெரிந்தது.

சுட்டது.