வரிசையில் ஒன்று

ரிக் வண்டி இரண்டு. ஆளுக்கொன்று.
திருச்செங்கோட்டு வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள்.
கம்ப்ரசர், ராடு, ஷெட்டில் கிடந்த
பழைய டயர் பதினொன்று வரைக்கும்
நாலு பேர் உட்கார்ந்து பிரித்து எழுதினார்கள்.
அந்தப் பட்டியலை அடித்துக் கொடுத்தது இந்த பிரிண்டர்தான்.
தன் பேரை அது போட்டுக்கொள்ளவில்லை.

என் மேஜையில் இருக்கிறது. வயர் என் கம்ப்யூட்டருக்கு.
மேலே காற்றில் போகிறது.
கம்பெனி ஒன்றாக இருந்தபோது ஈரோட்டுப் பையன் ஒருவன்
'ஷேர்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போனான்.
அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.
எனக்குத் தோன்றியது. எடுக்கவில்லை.

ஆண்கள் ராய்ப்பூர்ப் பக்கம்.
ஒருத்தர் போர் போடும் ஊருக்கு இன்னொருத்தர் போவதில்லை.
இங்கே பில் போடுவது நான்:
அடிக்கு எவ்வளவு, கேசிங் பைப் எத்தனை.
எண்ணூறு அடியில் தண்ணீர் வராவிட்டாலும்
டீசல் கணக்கு வந்துவிடும்.
மேலே கோகிலவாணி. அவளுக்கும் அதே வேலை.

நான் கம்ப்யூட்டரை அணைத்தால் அவளுக்கு அச்சு வராது.
அணைக்காதே என்று அவள் கேட்டதில்லை.
பதினொரு மணிக்குத்தான் அணைக்கிறேன்,
கணக்கு மீதியிருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு.

அவள் அனுப்புவது என் திரை ஓரத்தில் வரிசையில் நிற்கும்.
பேர் மட்டும் தெரியும்.
'ஜூன் டீசல்.'
'தர்ஷிகா சயின்ஸ் புராஜெக்ட், படம் மட்டும்.'
'லோன் லெட்டர்.' 'லோன் லெட்டர் புதுசு.' 'லோன் லெட்டர் கடைசி.'
அதற்கப்புறம் ஒரு வாரம் ஒன்றுமில்லை.

வந்த தாளைக் கவிழ்த்து எடுத்துப் போய்
படிக்கட்டுத் திருப்பத்தில், செருப்பு ஸ்டாண்டு மேல்,
தேய்ந்த டிரில் பிட்டு ஒன்றைப் பாரம் வைத்துவிட்டு வருவேன்.
இரும்பு நகரும் சத்தம் கேட்கும்.
தாள் தீரும் நேரத்தில் அதே இடத்தில்
ஒரு கட்டுப் புதுத்தாள் இருக்கும்.

வியாழக்கிழமை தாள் தீர்ந்திருந்தது.
ரஃப் கணக்குக்கென்று பழைய லெட்டர்பேடை
வெற்றுப் பக்கமாகத் தட்டில் போட்டிருந்தேன்.
இரவு பத்தே முக்கால். வரிசையில் ஒன்று:
'டி.சி. விண்ணப்பம்.'

நிறுத்த வழி உண்டு. மவுஸை நகர்த்துவதற்குள்
உருளை இழுத்துவிட்டது.

பழக்கத்தில் கவிழ்த்துத்தான் எடுத்தேன்.
கவிழ்த்த பக்கத்தில் சிவப்பு எழுத்து:
அர்த்தநாரி போர்வெல்ஸ்.
அண்ணன் பேர் இடது ஓரம், தம்பி பேர் வலது ஓரம்,
நடுவில் ஒரே ஒரு போன் நம்பர்.

இதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க முடியாது.
அடித்து முடித்ததை வரிசை வைத்திருப்பதில்லை.
மறுபடி அவள்தான் அனுப்ப வேண்டும்.
அதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

பதினேழு படி.
"கோகிலா, தாளு மாறிப்போச்சு. மறுக்கா அனுப்பு."

வாங்கினாள். பேர்ப் பக்கத்தைப் பார்த்தாள்.
திருப்பி, விண்ணப்பத்தை
யாரோ எழுதியது மாதிரி படித்தாள்.
மறுபடியும் திருப்பினாள்.
"இந்த நம்பரு இப்ப ஆருகிட்டங்க்கா இருக்குது?"
"ஆருகிட்டயும் இல்ல. சிம்மு என்ற அலமாரில கெடக்குது."

சங்ககிரி ரோட்டில் ஒரு லாரி கியர் மாற்றிப் போனது.

"காலைல அனுப்பட்டுங்களாக்கா?
உங்குளுது ஆன்ல இருக்குமுங்களா?"
"இருக்கும்."

கீழே வந்து செட்டிங்கில் தேடினேன்.
எத்தனை நிமிடத்தில் தூங்க வேண்டும் என்று கேட்டது.
ஐந்து, பதினைந்து, முப்பது, ஒருபோதும் வேண்டாம்.
கடைசியைத் தொட்டேன்.

காலையில் ஸ்டாண்டு மேல் புதுத்தாள் கட்டு இருந்தது.
பிரித்துத் தட்டில் போட்டுவிட்டு
பில்லைத் திறந்துவைத்து, திரை ஓரத்தையே பார்த்திருந்தேன்.
ஒன்பதரை வரைக்கும் எதுவுமில்லை.
ஒன்பதே முக்காலுக்கு வந்தது:
'ஜூலை டீசல்.'