இருபத்திரண்டு டெசிபெல்

பிப்ரவரியில் ஒரு குறையும் இல்லை.
ஹார்லன் ட்வைட் தானியக் கோபுரத்தின் உச்சியில்
ஒரு கை ஏணியிலும் மறு கை ஸ்பானரிலுமாய்
தட்டு ஆன்டெனாவை அரை டிகிரி திருப்ப,
கீழே வண்டிக்குள் மடிக்கணினியோடு நான்
எண்களைக் கத்திக்கொண்டிருந்தேன்:
ஒன்பது. பதினொன்று. போச்சு. பதினைந்து.
இருபத்திரண்டு!
அசையாதே, மூச்சு விடாதே, நட்டை முறுக்கு.

பிறகு திரையில் அவர்கள் வந்தார்கள்,
பெயர் பெயராக,
விருந்துக்குத் தயங்கி நுழைபவர்கள் போல:
மீன்பண்ணை. தண்ணீர்த்தொட்டி.
ஆற்றுவளைவுப் பள்ளி.
சைலஸ் பிங்கம் வீட்டுக் கூரை.
எங்கள் பதினான்கோடு அவர்களின் ஒன்பது.

அதற்குமுன் வட ஐடஹோவின் கோதுமைக் குன்றுகளில்
நாங்கள் இரண்டு தீவுகள்.
தீயணைப்பு நிலையம் மருத்துவமனையோடு பேசும்,
மருத்துவமனை ஓபல் ஸ்ட்ரான்டின் கோழிக்கூட்டோடு பேசும்,
கோழிக்கூடு மறுபடி தீயணைப்பு நிலையத்தோடு.
ஊர் தன் காதில் தானே ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தது.
குன்றைத் தாண்ட இணையத்தில் ஒரு சுரங்கம் வைத்திருந்தோம்.
போன ஆகஸ்டில் தீ வந்து
கம்பங்களைத் தின்றபோது அதையும் தின்றது.
நான்கு நாள், பதினேழு மைலுக்கு அப்பால்
யார் இருக்கிறார்கள், யார் கிளம்பிவிட்டார்கள்,
தெரியாது.
புகையின் நிறம் மட்டும் தெரிந்தது.

அதற்கும் முன்னால் ஒரு சண்டை உண்டு.
ரிப்பீட்டர் அலைவரிசை யாருடையது என்று,
பதினோரு வருடமாக.
அதை இங்கே விரிக்கவில்லை. தப்பு எங்கள்மேல்தான்.

மே மாதம் எண் இறங்கியது.
பதினெட்டு, பதினான்கு,
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி
ஒரு வெள்ளிக்கிழமை மூன்று.
மென்பொருளில் கை வைத்திருப்பான், என்றார் ஹார்லன்.
கிழவன் கேபிளில் தண்ணீர் இறங்கியிருக்கும்,
என்றாராம் சைலஸ்.
பழைய சண்டை சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தது.

நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு நடுவழிக்குப் போனேன்.
குன்றுகளுக்கு நடுவே ஒரே இடுக்கு,
இடுக்கில் ஒரே வீடு,
வீட்டுக்குப் பின்னால் நான்கு காட்டன்வுட் மரங்கள்.
குளிர்காலம் முழுக்க எங்கள் சொற்கள்
அந்த மொட்டைக் கிளைகளுக்கு ஊடே போயிருக்கின்றன.
இப்போது ஒவ்வோர் இலைக்குள்ளும் ஒரு துளி நீர்.
ஒவ்வொரு துளியும் ஒரு சின்ன மறுப்பு.

வின்னிஃப்ரெட் ஆஸ்லண்ட் கதவைத் திறந்தாள்,
கையெல்லாம் மாவு.
மரத்தை வெட்டவிட மாட்டேன், என்றாள்,
நான் வாய் திறக்குமுன்.
அதற்காக வரவில்லை என்று பொய் சொன்னேன்.
மேசையில் வரைபடத்தை விரித்தேன்.
தலைகீழாகவே அதைப் பார்த்தாள்,
சிவப்புக் கோட்டின்மேல் மாவு விரலை வைத்தாள்.
"இது என் வீட்டு வழியாகவா போகிறது?
பிப்ரவரியிலிருந்தா?
ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

கேட்கவில்லை.
அந்த நான்கு நாளும் அவள் தொலைபேசியும்
செத்துக் கிடந்ததா என்றுகூட
இந்தப் பக்கமும் கேட்கவில்லை, அந்தப் பக்கமும்.

இப்போது மரங்களுக்கு எட்டாத உயரத்தில்,
அவள் தீவனக் குதிரின் தலையில்
இரண்டு தட்டுகள், முதுகோடு முதுகு ஒட்டி.
ஒன்று எங்களைப் பார்க்கிறது, ஒன்று அவர்களை.
சமையலறைச் சுவரில் ஒரு கறுப்புத் தொலைபேசி.
இந்த முனைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்றேன்.
'மாட்டேன்' என்று வை, என்றாள்.
வைத்திருக்கிறேன். பட்டியலில் பாருங்கள்,
தானியக் கோபுரத்துக்கும் மீன்பண்ணைக்கும் நடுவில்.
எங்கள் எல்லாச் செய்தியும் 'மாட்டேன்' வழியாகத்தான் போகிறது.

சோதனைக்காக மூவரையும் ஒரே அழைப்பில் சேர்த்தேன்.
அங்கே காற்று எப்படி, என்றார் ஹார்லன்.
மேற்கிலிருந்து, என்றார் சைலஸ்.
இங்கேயும்.
பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை.
இருபத்திரண்டு டெசிபெல். அந்த மௌனமும்
துளி சிதறாமல் வந்து சேர்ந்தது.

"பேசப்போகிறீர்களா இல்லையா," என்றாள் வின்னிஃப்ரெட்,
"எனக்கு அடுப்பில் ரொட்டி இருக்கிறது."