எந்த ராப்பருந்து?

புத்தூரில் எலும்புக் கட்டுக் கடையில்
பதினாறு வருஷமாக முட்டை உடைக்கிறேன்.
வெள்ளைக்கரு தனி, மஞ்சள் தனி.
மூங்கில் தப்பை சீவுவதும் துணி கிழிப்பதும் நான்.
எலும்பைத் தொடுவது மட்டும் முதலாளி.

பையன்கள் வந்தால் பெயருக்கு முன்னால்
இதைத்தான் கேட்பேன்:
எந்த ராப்பருந்து?

சகதேவராஜு நடித்த காலத்தில் வந்ததெல்லாம் மணிக்கட்டு.
மதிலிலிருந்து குதித்தால் கையூன்றித்தான் விழுவார்.
தொப்பை முதலில் இறங்கும், ஆள் பின்னால் இறங்குவார்.
கறுப்புப் போர்வையில் இஸ்திரி மடிப்பு தெரியும்.
ஆனாலும் விழுந்த இடத்தில் ஒரு மூச்சு கிடப்பார்,
புழுதி அடங்கும்வரை எழமாட்டார்.
அந்த ஒரு மூச்சுக்காக
அவருடைய எல்லாப் பாட்டையும் பொறுத்துக்கொண்டேன்.

கிரண்தீப் வந்த பிறகு காறை எலும்பு.
தோளால் கதவை உடைப்பது அவன் பாணி.
நகரி, ஏகாம்பரக்குப்பம், நாராயணவனம்,
எங்கெல்லாம் கதவு இருந்ததோ
அங்கெல்லாம் ஒரு தோள் போயிற்று.
அழகன். அழும்போதும் முடி கலையாது.
பிடிக்காது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்,
அந்தக் காட்சி வரைக்கும்.
ஊரைக் காப்பாற்றிவிட்டு வாடகை அறைக்கு வந்து
சட்டையைக் கழற்றுகிறான்:
நல்ல கையை முதலில் உருவிக்கொண்டு,
அடிபட்ட கையிலிருந்து சட்டையை மெல்லத் தள்ளிவிடுகிறான்.
சின்னதாக ஒரு 'அம்மா'.
டைரக்டர் சொல்லி வருகிற விஷயமில்லை இது.
எங்கேயோ ஒருநாள் அவனுக்கு உடைந்திருக்கிறது.

வேணு டாக்கீஸில் காலைக் காட்சி தெலுங்கு, மாலையில் தமிழ்.
இரண்டும் பார்த்தேன்.
மற்ற வசனமெல்லாம் உதட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க
அந்த 'அம்மா' மட்டும்
இரண்டிலும் வாய்க்குள் சரியாக உட்கார்ந்தது.

இப்போது இருப்பவன் நிஷிகாந்த்.
மேகத்திலிருந்து நேராக வருகிறான்.
ஒரு முழங்கால், ஒரு முஷ்டி.
தார் ரோடுதான் உடைகிறது.
முகத்தில் ரோட்டைப் பற்றியும் கவலையில்லை,
முட்டியைப் பற்றியும் இல்லை.
இந்த வருஷம் மட்டும் முட்டிச் சில்லு பதினேழு.

ஆட்டோ முனிரத்தினம் இவன் கட்சி.
"அவனுக்கும் நொப்பின்னா
நாம எதுக்குப்பா டிக்கெட் வாங்கணும்?"
பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
முனிரத்தினத்தின் இடது முழங்கை
நாங்கள் கட்டியதுதான்.
மழை வருவதை இன்றைக்கும்
எங்களுக்கு முன்னால் அது சொல்லிவிடும்.

போன வியாழன், திருத்தணி பஸ்ஸிலிருந்து
அப்பாவின் தோளில் ஒரு பெண்.
ஒன்பது வயது இருக்கும். பொதட்டூர்பேட்டை.
தறிக் கொட்டகைக் கூரையிலிருந்து குதித்திருக்கிறாள்.
எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன்.
கணுக்கால்.
என் கணக்கில் எந்த ஆளுக்கும் கணுக்கால் கிடையாது.

எந்த ராப்பருந்து? என்றேன்.

முதலாளி அப்போதுதான் இழுத்தார்.
அப்பாவின் சட்டைப் பை அவள் கையோடு வந்துவிட்டது,
பீடிக்கட்டும் சில்லறையும் தரையெல்லாம்.
தமிழிலும் சேராத, தெலுங்கிலும் சேராத
ஒரு சத்தம்.

மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"மூணு பேருமே தப்பாக் குதிக்கிறாங்க.
தரை வர்றதுக்கு முன்னாடியே முட்டிய மடக்கணும்.
நான் மடக்கினேன்.
பனி. ஓடு வழுக்கிடுச்சு."

சிரித்துவிட்டேன்.
கையிலிருந்த முட்டையில்
மஞ்சள் கலந்துவிட்டது.
இன்னொன்று எடுத்தேன்.