இரண்டாம் நிமிடம், ஒன்பதாவது நொடி

பத்து நிமிட இடைவேளை.
யாஸ்னாவின் கைபேசிக்கு மேல் ஆறு தலைகள்.
உடை மாற்றும் அறையின் பெஞ்சில்
எங்கள் மீன் தொழிற்சாலை
உள்ளங்கை அகலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது,
பின்னால் ஒரு பாட்டோடு.

கேமரா ஆடுவதைப் பார், என்கிறாள் ஒட்டீலியா,
மூச்சிரைக்க ஓடிவந்தவன் எடுத்தது போல.
ஓடியெல்லாம் வரவில்லை.
சாந்தியாகோவிலிருந்து வந்த அந்த ருபெலிந்தோவுக்கு
நிறைகோப்பையை வைத்தாலும் தளும்பாத கை.
"கொஞ்சம் தடுமாறு" என்றார் இயக்குநர்.
ஒற்றைக் காலில் நின்று எடுத்தான்.

லென்ஸில் தெறித்திருக்கிறதே, அது கடல் இல்லை.
முடிவெட்டுபவர் கையில் இருக்குமே
அந்த மாதிரி ஒரு பாட்டில்.
ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் இரண்டு அழுத்து.

அன்றைக்கு நிஜமாகவே மூடுபனி.
தல்காவானோ அதை இலவசமாகத்தான் தருகிறது.
படத்தில் விழவில்லை என்று
இயந்திரம் வைத்துப் புகை போட்டார்கள்.
வாரம் முழுக்க
கூந்தல் வலைக்குள் அந்த வாசம்.

மொத்தப் பாட்டும் வெட்டே இல்லாமல்
ஒரே மூச்சில் எடுத்ததாம்.
இங்கே நிறுத்து, யாஸ்னா.
மஞ்சள் பேருந்து குறுக்கே போகிறதா?
பேருந்துக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை.
பேருந்துக்குப் பின்னால் வியாழன்.
நடுவில் எனக்கு ஒரு பல்லைப் பிடுங்கினார்கள்.
கன்னத்தைப் பார், வீங்கியிருக்கிறது.

எங்கள் பூட்ஸ் ரொம்ப வெள்ளையாம்.
அவர்கள் பெட்டியில் எண் ஒட்டிக் கொண்டுவந்த
அழுக்கு பூட்ஸைப் போட்டுக்கொண்டோம்.
பாடகியின் நகக்கண்ணில்
தூரிகையால் கறுப்பு தீட்ட நாற்பது நிமிடம்.
என் நகத்தை யாரும் தொடவில்லை.

பிறகு பதினொரு நொடி
பாட்டு நின்றுபோகிறது.
கத்தி மட்டும். முள்ளில் இறங்கும் கத்தி.
அதைக் கேட்டுத்தான் என் நாத்தனார் அழுதாளாம்.
அது முட்டைக்கோஸ்.
எங்கோ ஓர் அறையில்
மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நறுக்கியது.
எங்கள் கத்தி கத்தி மாதிரிக் கேட்கவில்லையாம்.

துறைமுகத்தில் ஒரு கடல்சிங்கம்
தாளம் தப்பாமல் மூன்று முறை குரைத்தது.
அதை வெட்டிவிட்டார்கள்.
"யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார் இயக்குநர்.
நல்ல மனிதர்தான்,
எங்களோடு நின்றபடியே சூப் குடித்தார்.
பொய் என்று சொல்ல வரவில்லை நான்.
ஐஸில் புதைத்துத்தானே நாங்களும்
புதுமீன் என்று அனுப்புகிறோம்.

இப்போது இரண்டு ஒன்பது.
இடது ஓரம். நோல்ஃபா.
மீனிலிருந்து நிமிர்ந்து
கேமராவை நேருக்கு நேர் பார்க்கிறாள்.
பார்க்கவே கூடாது என்று மூன்று தடவை
சொல்லியிருந்தார்கள்.
உதடு அசைகிறது.
மேலே பாட்டு ஓடுவதால் குரல் இல்லை.

இந்தப் பார்வைக்காகவே
திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.
கடலில் யாரையோ தொலைத்தவள் என்கிறான்
என் மகளின் வகுப்பில் ஒருவன்.
ஒரு கரையோரத்தின் மௌனம் என்று எழுதியது
தலைநகரத்துப் பத்திரிகை.

நோல்ஃபா ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள்.
என்ன சொன்னாய் அப்போது?

"மணி என்னவென்று கேட்டேன்.
ஐந்தரைப் பேருந்தை விட்டால்
அடுத்தது ஏழுக்குத்தானே."

யாராவது சொன்னார்களா?

"எங்கே. நான் பார்த்துவிட்டேன் என்று
கத்திவிட்டு இன்னொரு தடவை எடுத்தார்கள்.
அதில் குனிந்த தலை நிமிராமல் ஒழுங்காகச் செய்தேன்.
பேருந்தும் போய்விட்டது."

அந்த ஒழுங்கான தடவை
இதில் எங்குமே இல்லை.
முதலிலிருந்து இன்னொரு முறை தேடிவிட்டோம்.

சங்கு ஊதுகிறது.
மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றியபடி
நோல்ஃபா கேட்கிறாள்,
"மணி என்ன?"