உள்பக்கம் வெளியே

அப்புத்தளை ஞாயிறு சந்தையில்
தார்ப்பாய்மேல் குவித்த வெளிநாட்டு உடுப்புக்குள்
கையை விட்டுத் துழாவி எடுத்தேன்.
கறுப்பு. முழுக்கை. குளிருக்கு ஆகும்.
நெஞ்சுக்குக் குறுக்கே மினுமினுவென்று ஐந்து எழுத்து.
முந்நூற்றைம்பது என்றான், இருநூற்றெண்பதுக்குத் தந்தான்.

மறுநாள் மலைக்கு அதைத்தான் போட்டேன்,
இடுப்பில் படங்கு, முதுகில் கூடை.
சுப்பவைசர் புவிராஜ் எழுத்துக்கூட்டி
"புருஜா" என்றான்.
"யாரு அது, ஒன் சக்களத்தியா?"
நிரையே சிரித்தது. நானும்தான்.

நாத்தனார் மகள் ரொஷாந்தினி
எல்லவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு நிற்கிறாள்.
தீவாளிக்கு வந்தவள் கொடியில் பார்த்துவிட்டு
"ஐயோ அத்தை" என்றாள்.
"ஜ இல்ல, ஹ. ப்ரூஹா. ஸ்பானிஷ்.
சூனியக்காரின்னு அர்த்தம்."

இப்போது அது இங்கிலீசிலும் ஓடுகிறதாம்.
அமெரிக்காவிலிருந்து வரும் பெண்பிள்ளைகள்
மணிக்கட்டில் பச்சை குத்தி,
பையில் மெழுகுதிரியும் கூழாங்கல்லும் வைத்துக்கொண்டு
"நான் ஒரு ப்ரூஹா" என்று
ரூம் சாவி வாங்கும்போதே சொல்கிறார்களாம்,
நர்ஸ் என்பதுபோல, டீச்சர் என்பதுபோல.

"வாசலில் யாரும் எலுமிச்சங்காய் வைக்கிறதில்லையா?"
"வைக்கிறோமே அத்தை. வந்ததும் குடிக்கக் குடுக்கிற ஜூஸ்ல."

"இங்கிலீசில் அதுக்குச் சொல் இல்லையா?"
"இருக்கு. விட்ச்."
"பிறகெதுக்கு இரவல்?
சொந்த வெளக்கமாறு மூலையில் நிற்க
அடுத்த காம்பராவில் போய்க் கேட்கிற மாதிரி?"
"அது தேய்ஞ்சு போச்சு அத்தை,
சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகத்துல கிடந்து.
இதுல அவங்கவங்க வீட்டு வாசம் இருக்காம்."

சப்பாத்து, துவாய், அலமாரி, சாவி, ஜன்னல்,
நாங்கள் ஆறு பேர் படுக்கிற இந்தக் காம்பரா,
எல்லாம் போர்த்துக்கீசன் இறக்கிவிட்டுப் போன சொல்லாம்.
அவனிடமும் இதன் உடன்பிறப்பு ஒன்று இருந்ததாம், ப்ரூஷா என்று.
அதை மட்டும் ஏன் கப்பலிலேயே விட்டான்?
கரையில் விசாரித்திருப்பான்.
தேவையில்லை, எங்களிடம் இருக்கிறது என்றிருப்பார்கள்.

இருந்தது.
ஏழாம் காம்பரா பிச்சாயி.
புருசன் செத்து எட்டு மாசம். பின்னேரம் தலைமுழுகி
முடியை விரித்தபடி பீலிக்கரையில் நிற்பாள்.
கணக்கப்பிள்ளை மாட்டுக்கு மடி வற்றியது.
ரெண்டாம் லயத்தில் ஒரு குழந்தைக்கு மூன்று நாள் வலிப்பு.
அவள் வாசலில் ஆணி குத்திய எலுமிச்சங்காய்,
அதற்கு மறுநாள் தகரத்தில் கல்.
"நான் ஒண்ணும் செய்யல" என்று
பீலிக்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள்.
என்னிடம் சொன்னபோது
என் வாளியை ஒரு சாண் இந்தப் பக்கம் இழுத்துவைத்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.
விடியுமுன் பதுளை பஸ் ஏறியிருந்தாள்.
சாவி கதவிலேயே தொங்கியது.

சட்டையை எரி என்றார் வீட்டுக்காரர்.
இருநூற்றெண்பது ரூபாயை யார் எரிப்பது?
உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டேன்.
இப்போது மினுமினுப்பு தோலில் உரசுகிறது,
கொழுந்துக்குக் குனிகிற ஒவ்வொரு தரமும்
ஐந்து எழுத்தும் அரிக்கிறது.

நேற்று நிறுவையில்
பதினெட்டுக் கிலோவில் மூன்றைத்
தண்ணிக் கழிவென்று வெட்டினான் புவிராஜ்.
ஒரு வாரமாய் மழையே இல்லை.
அவன் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
வழமையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.

இன்று பிரட்டுக்கு அவனைக் காணோம்.
ராவெல்லாம் வயிற்றால் போகிறதாம்.
பக்கத்து நிரைக்காரி என்னை ஒருதரம் பார்த்தாள்.
பார்த்துவிட்டுத் தன் கூடையை
ஒரு சாண் அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

நான் ஒண்ணும் செய்யல
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நெஞ்சு அரித்தது.