கடைசி நிலையம் வரை ஒரு சீட்டு

காற்று மெத்தையில் எங்கேயோ ஓட்டை.
நள்ளிரவு தாண்டினால்
விருந்தாளியின் இடுப்பு தரையைத் தொடும்.
போர்த்தோவுக்குப் படிக்க வந்த
மூன்றாம் வாரத்திலிருந்து
இதுதான் என் உபசாரம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது
மலிவு விமானக்காரர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.
வெள்ளி இரவு இறக்கிவிட்டுத்
திங்கள் விடியுமுன் ஏற்றிக்கொள்கிறார்கள்.
நடுவில் இருப்பது என் பாடு.

உக்னே வந்தாள், தம்பியோடு.
தோவிதஸ் வந்தான், சைக்கிளை ஒரு பெட்டியில் கழற்றிப் போட்டுக்கொண்டு.
கௌனஸில் இரண்டே முறை பேசிய ஒருத்தி
"நீதான் அங்கே இருக்கிறாயே" என்று வந்தாள்.
அவள் பெயரைப் பெட்டியில் ஒட்டிய சீட்டில்
படித்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லோருக்கும் அதே பாலம்.
மேல்தட்டில் நின்று
அதே மூன்றாவது விளக்கைக் காட்டுவேன்:
"இது எரியாது.
ஒரு படகுக்காரனின் மனைவி
நகராட்சிக்குக் காசு கட்டி அணைத்து வைத்திருக்கிறாள்,
அவன் இன்னொரு வீட்டுக்குப் போக
வழி தெரியக்கூடாதென்று."
சுத்தப் பொய்.
இரண்டாம் விருந்தாளியிடம்
வாய் சலித்தபோது பிறந்தது.
ஐந்தாம் ஆள் வருவதற்குள்
அந்த மனைவிக்கு மூட்டுவலியும் வந்திருந்தது.

கூட வசிக்கும் டெல்மோ எதுவும் சொல்வதில்லை.
எரிவாயு உருளை எத்தனை நாள் வந்தது என்று மட்டும்
குளிர்பதனப் பெட்டியில் எழுதி ஒட்டுவான்.
முப்பத்தாறு.
இருபத்தொன்று.
பதினான்கு.

எனக்கும் ஒரு பயணம் இருந்தது.
டோரோ ஆற்றை ஒட்டியே போய்
போசீன்யு என்ற ஊரில் தீர்ந்துவிடும் ரயில்.
அங்கே என்ன இருக்கிறது என்றால் சொல்லத் தெரியாது.
தீரும் இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.
நாட்காட்டியில் "போ" என்று எழுதி
அம்புக்குறி போட்டு, மறுபடி அம்புக்குறி போட்டு
மே மாதக் கடைசிச் சனிக்குத் தள்ளியாயிற்று.
திங்களன்று நிலத்தடி நீரியல் தேர்வு.
இருந்தாலும் சீட்டு வாங்கிவிட்டேன்.

வெள்ளி மதியம் ஔஸ்தேயா கேட்டாள்:
"ரோகஸ் போய்விட்டான். இன்றைக்கே விமானம் இருக்கிறது. வரட்டுமா?"
"வா" என்று எழுதிய பிறகுதான்
சீட்டு நினைவுக்கு வந்தது என்று சொன்னால் நம்பாதீர்கள்.
முதலில் வந்தது சீட்டுதான்.

அவள் அழ, நான் காலால் மெத்தைக்குக் காற்றடித்தேன்.
ஒரு விம்மல், ஒரு மிதி.
தூக்கம் வராமல் ஒரு மணிக்குப் பாலத்துக்கு நடந்தோம்.
சொல்ல வேறொன்றும் இல்லாததால்
விளக்குக் கதையைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

காலையில் சாவியை
அவள் காலணிக்குள் போட்டுவிட்டுத்
திருடிபோலப் படியிறங்கினேன்.

வலப்பக்க ஜன்னல் முழுக்க ஆறு.
மடியில் பாடக் குறிப்புகள்,
முதல் பக்கத்திலேயே வெயில் அசையாமல் கிடந்தது.
போசீன்யுவில்
பூட்டிய ஒரு காபிக்கடை.
திரும்பிப் போக அதே ரயில்.
என் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு நாய்.
"அதோ பார்" என்று நாக்கு நுனிவரை வந்தது.
யாரிடம் சொல்ல?
நாய்க்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.
பாதி ரொட்டியைப் போட்டேன்.

இரவு திரும்பும்போது
பாலத்தின் மேல் ஔஸ்தேயாவின் குரல்.
டெல்மோவின் சித்தி மகள்கள் இரண்டு பேர்
பிரகான்ஸாவிலிருந்து திடீரென்று வந்திருக்கிறார்கள்.
அவனுக்கு வேலை. ஊர் காட்டுவது இவள்,
வந்து ஒரு நாள்கூட ஆகாதவள்.

"அந்த மூன்றாவது விளக்கு எரியாது" என்கிறாள்.
"படகுக்காரன் பேர் ரோகஸ்."

பெண்கள் "ஐயோ" என்கிறார்கள்.
கதை முடியட்டும் என்று
கம்பியைப் பிடித்தபடி
ஊர் பார்க்க வந்தவர்களோடு நானும் நின்றேன்.

மூட்டுவலியை விட்டுவிட்டாள்.