பாதி எரிந்த நிலம்

பத்தொன்பது கல்லறை. ஒன்றேகால் ஏக்கர்.
நாலு பக்கமும் மக்காச்சோளம்.
நெப்ராஸ்காவில் என் வேலையைப் பற்றி
இதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.
வாசலை ஒட்டி மட்டும் புல் வெட்டுவேன்.
மூன்று வருடத்துக்கொரு முறை
ஏப்ரலில் தீ வைப்பேன்,
புது முளைக்கு வெளிச்சம் வேண்டுமே.

அவள் வந்தது ஜூலையில்.
ஐஸிரெக். கிர்கிஸ் நாட்டுக்காரி.
என் இலையூதும் கருவியை இரவல் கேட்டாள்.
குழாயைத் தலைகீழாக மாட்டி
வாயில் வலைத்துணி கட்டி
ஊதுவதை உறிஞ்ச வைத்தாள்.
கீழே கிடக்கும் வோந்த்ராக்குகள்
என்ன நினைத்திருப்பார்களோ.

வலையைக் கவிழ்த்தாள்.
வைக்கோல் நிறத்தில், நொய்யரிசி அளவில் ஒன்று
பின்னங்காலால் உடம்பெங்கும் எதையோ பூசிக்கொண்டது.
கண்ணுக்குத் தெரியாத பொடி,
தன் கழிவே தன்மேல் ஒட்டாதிருக்க.
பிறகு தத்தியது,
அவள் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரலுக்கு.
"அவ்வளவுதான் இதன் பயணம்" என்றாள்.
சட்டை சிறுத்துப்போன பையன் மாதிரி
சிறகு அதன் முதுகில் பாதியோடு நின்றிருந்தது.

புல் முதலில் காட்டோரத்தில் ஒண்டிக் கிடந்ததாம்.
மழை குறைந்து, மரம் பின்வாங்கி,
வெளி பெரிதாகப் பெரிதாகப்
புல் நடந்தது. அதன் சாற்றைக் குடித்தபடி
கூடவே ஒரு கூட்டமும்.
ஒரே புல் வீடு, ஒரே புல் சோறு என்றான பின்
காற்று தூக்கிப் போய்
வேற்றுப் புல்லில் போட்டுவிட்டால் கதை முடிந்தது.
பறப்பதில் தத்து,
தத்துவதில் பிழைப்பு.

ஆசியாவுக்கும் எங்களுக்கும் நடுவே
கடல் இறங்கித் தரை கிடந்த காலங்களில்
ஒரு கோடையில் ஒரு தூறு,
அடுத்த கோடையில் அடுத்த தூறு.
"பனி வந்தால்?" என்றேன்.
"பனி வந்தால் தெற்கே. பனி போனால் வடக்கே.
முதலில் யார் எந்தப் பக்கம் கடந்தது என்பதில்
எங்களுக்குள் இன்னும் சண்டை."
அவள் ஊர் நாரின். குதிரை மேயும் அந்த மேடுகளிலும்
குட்டைச் சிறகுக்காரர்கள் உண்டாம்,
இதற்கு ஒன்றுவிட்ட உறவு.
அவளோ பறந்து வந்தவள்.
பெட்டி ஒன்று இன்னும் இஸ்தான்புலில்.

ஒரு தண்டில் ஏதோ கவ்வியை மாட்டி
காதொலிப்பானை என் தலையில் வைத்தாள்.
எண்ணெய் காணாத கதவு முனகியது.
இடைவெளி. மறுபடி.
காற்றுக்குத் தெரியாமல், தண்டு வழியே
ஆண் கேட்க, பெண் யோசிக்கிறது.
இருபத்தாறு வருடம்
இதன் பக்கத்தில்தான் இயந்திரம் ஓட்டியிருக்கிறேன்.

"முழுதும் எரிப்பீர்களா?"
என் குறிப்பேட்டைக் காட்டினேன்.
*கிழக்கு மூலை ஈரம். பிடிக்கவில்லை. தோல்வி.*
அதற்கு முந்தியது:
*காற்று திரும்பியது. பாதியில் நிறுத்தினேன். தோல்வி.*
அந்தக் கடைசிச் சொல்லின் மேல்
விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.
எரிந்த பாதிக்கு
எரியாத பாதியிலிருந்து தத்தித் தத்தித் திரும்பியிருக்கின்றன.
சோளத்தைத் தாண்டி வர
அவற்றுக்கு வேறு யாருமில்லை.

இந்த ஏப்ரலில், தெரிந்தே,
நடுவே ஒரு கோடு வெட்டினேன்.
மேற்கு எரிந்தது. கிழக்கு அப்படியே.

சபைக் கூட்டத்தில் டோரிஸ் ஸெலெங்கா எழுந்து
தன் கொள்ளுத்தாத்தா புதருக்குள் கிடக்கிறார் என்றாள்.
நியாயம்தான்.
சனிக்கிழமை முழங்காலிட்டுக்
கத்தரிக்கோலால் அவர் பெயரை மட்டும் வெளியே எடுத்தேன்.
மொராவியாவில் பிறப்பு. கப்பல், ரயில், மாட்டுவண்டி.
வந்த மறுவாரமே ஏர் பூட்டியவராம்.
ஏர் படாத ஒரே இடத்தில் படுத்திருக்கிறார்.

நறுக்கிய புல்லை உடனே மூட்டையில் போடவில்லை.
ஒவ்வொரு பிடியையும் உதறினேன்,
எரியாத பக்கமாக.